வெளிர் பிங்க்கில் நிறுத்தவும்

புடவைத் தலைப்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்து, அவை ஊதுவத்தி பட்டதும் இல்லை, பூச்சி அரித்ததும் இல்லை என்றால், கட்டியிருப்பவர் வேதியியல் ஆசிரியை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். எனக்கு இந்த அடையாளம் நாற்பத்தேழு வயதில்தான் கிடைத்தது. அதுவரை வளைகுடாவில், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். ஊர் திரும்பி, நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் குடியேறினோம். சும்மா உட்கார்ந்திருந்தால் ஃப்ளாட் வாட்ஸ்அப் குழுவில் பார்க்கிங் சண்டை போட ஆரம்பித்துவிடுவேன் என்று வீட்டில் பயந்தார்கள். வெள்ளானூர் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூ வேதியியலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என்னை விட அவர்கள்தான் அதிகம் சந்தோஷப்பட்டார்கள்.

பத்தாவது வரை தமிழில் அமிலமும் காரமுமாகப் படித்துவிட்டு, பதினொன்றில் ஆங்கிலத்தில் ஆசிடும் பேஸுமாகத் தடுமாறியவள் நான். என் மாணவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் கிடையாது. இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒரு மொழியில் சௌகரியமாகப் படிக்கிறார்கள். ப்யூரெட் முன்னால் நின்று கண் பூத்துப்போனவர்களும், பிராக்டிகல் என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் திடுக்கிடுகிறவர்களும் இதைப் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

ரோஸ்மில்க்

பரிசோதனை மறந்துபோனவர்களுக்காக இரண்டு வரி. கூம்புக் குடுவையில் அமிலம். அதில் ஃபினால்ப்தலீன் என்ற நிறங்காட்டி ஓரிரு சொட்டு. மேலே ப்யூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாயில் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். குழாயைத் திறந்து சொட்டுச் சொட்டாகக் காரத்தை விட்டுக்கொண்டே குடுவையைச் சுழற்ற வேண்டும். அமிலம் முழுக்கத் தீர்ந்ததும் அடுத்து விழும் சொட்டில் தண்ணீர் போல இருந்த திரவம் வெளிர் பிங்க்காக மாறும். அங்கே நிறுத்தி அளவைக் குறிக்க வேண்டும். அதற்கு மேல் விடுகிற ஒவ்வொரு சொட்டும் மதிப்பெண்ணிலிருந்து கழியும்.

பவித்ராவுக்கு எல்லாம் வரும், நிறுத்துவது மட்டும் வராது. வெள்ளானூரிலேயே பிறந்து வளர்ந்த பெண். நிலம் இருந்த இடத்தில் இப்போது ஃப்ளாட்டுகள் இருக்கின்றன, அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவளுக்கு லேப் டெக்னீஷியன் ஆக வேண்டும். ரத்தம் எடுக்கிற அக்காக்கள் வைத்திருக்கும் கலர் கலர் மூடி போட்ட குட்டிக் குழாய்களைப் பார்த்து வந்த ஆசை என்று அவளே சொன்னாள். அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: எல்லாப் பாடமும் முதல் தடவையிலேயே பாஸாக வேண்டும். இல்லையென்றால் ஆவடியில் மாமாவின் பல்பொருள் அங்காடியில் பில் போட உட்கார வேண்டும். மற்ற பாடங்கள் தேறிவிடும். வேதியியல் எழுத்துத் தேர்வில் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தாள். பிராக்டிகல் மதிப்பெண்தான் பிடித்து ஏற வேண்டிய கயிறு.

அந்தக் கயிற்றை அவள் பிங்க் சாயத்தில் முக்கிக்கொண்டிருந்தாள். முதல் முறை அவள் குடுவையைத் தூக்கிக் காட்டியபோது ரோஸ்மில்க் கடை ஞாபகம்தான் வந்தது. வெளிர் பிங்க் என்று சொன்னேனே என்றேன். இது வெளிர்தானே என்றாள். நானே ஒரு குடுவையில் செய்து, சரியான சொட்டில் நிறுத்திக் காட்டினேன். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடையில் சாயம் போன துணியை நீட்டியது போல என்னைப் பார்த்தாள்.

"இவ்ளோ நேரம் கை வலிக்க விட்டுட்டு, கண்ணுக்கே தெரியாத கலர்ல நிறுத்தச் சொன்னா எப்படி மிஸ் மனசு வரும்?"

ஒற்றுமை

ஒரு முறை வகுப்புக்கு இரண்டு பாட்டிலில் அமிலம் வைத்தேன். ஒன்று கொஞ்சம் வீரியமானது, மற்றது நீர்த்தது. யார் யாருக்கு எது என்று சொல்லவில்லை. மாலையில் எழுதி வந்த அளவுகளைப் பார்த்தால் வகுப்பு முழுவதும் ஒரே எண். தசமப் புள்ளிக்குப் பின்னால்கூட வித்தியாசம் இல்லை. பவித்ரா மட்டும் தன் ரோஸ்மில்க் அளவை அப்படியே எழுதியிருந்தாள். தப்புதான், ஆனால் சொந்தத் தப்பு.

மறுநாள் இரண்டு பாட்டில் ரகசியத்தை உடைத்து, வெவ்வேறு அமிலத்துக்கு ஒரே விடை எப்படி வந்தது என்று கேட்டேன். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். கடைசி மேசை தினேஷ் மட்டும் கொஞ்சமும் கூச்சப்படாமல் எழுந்து நின்றான்.

"பாட்டில் வேற வேறயா இருக்கலாம் மிஸ், நாங்க எல்லாம் ஒரே கிளாஸ்தானே?"

வீட்டில் ஏழு

pH அளவுகோலை நடத்துவது ஒரு தனி வேதனை. எண் குறையக் குறைய அமிலத் தன்மை ஏறும் என்று சொன்னதும் வகுப்பே புருவத்தைச் சுருக்கும். ஒன்று சின்ன எண், அது எப்படிப் பெரிய அமிலம் ஆகும்? மடக்கை, ஹைட்ரஜன் அயனி என்று ஆரம்பித்தால் ஜன்னலுக்கு வெளியே ஆட்டோ போவதை எண்ணுவார்கள். அன்றைக்கு பவித்ராதான் என்னைக் காப்பாற்றினாள். "ரேங்க் மாதிரி மிஸ். நம்பர் சின்னதா இருந்தா ஆளு பெரிய ஆளு" என்றாள். வகுப்பு புருவத்தை விட்டது.

அதே சூட்டில் ஏழு என்ற எண்ணைப் பற்றிக் கேட்டேன். ஏழு என்றால் அமிலமும் இல்லை, காரமும் இல்லை, நடுநிலை. தூய தண்ணீரைத் தவிர வேறு உதாரணம் யாராவது சொல்லுங்கள் என்றேன். பால், இளநீர், கண்ணீர் என்று ஏதாவது வரும், ஒவ்வொன்றாகத் திருத்தலாம் என்று காத்திருந்தேன். பவித்ரா கையைத் தூக்கினாள்.

"எங்க அப்பா மிஸ். அம்மாவும் அத்தையும் சண்டை போடும்போது."

புது வெர்ஷன்

பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒரு அப்பா, ஐ.டி.க்காரர், கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து வந்து பட்டாபிராமில் ஃப்ளாட்டில் இருப்பவர். மகனின் மதிப்பெண்ணைப் பற்றி அரை நிமிடம் பேசினார். மீதி நேரம் முழுவதும் அவர் வீட்டில் மாட்டியிருக்கும் ஆல்கலைன் தண்ணீர் இயந்திரத்தைப் பற்றி. pH ஒன்பதுக்கு மேல். முட்டி வலி போயிற்று, தூக்கம் வருகிறது, மாமனாருக்குக் கோபம்கூடக் குறைந்துவிட்டது. இதையெல்லாம் ஏன் மேடம் பாடத்தில் சேர்க்கவில்லை என்று என்னைக் கேட்டார், பாடத்திட்டம் என் சமையலறையில் தயாராவது போல. கையோடு ஒரு ஃப்ளாஸ்க்கில் அந்தத் தண்ணீரையும் கொண்டுவந்திருந்தார்.

சரி என்று pH தாளில் ஒரு துண்டு கிழித்து நனைத்தேன். நிற அட்டையில் ஏழுக்கு எதிரே இருந்த நிறத்தில் போய் அமைதியாக உட்கார்ந்துகொண்டது. அவர் அட்டையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "உங்க பேப்பர் பழைய வெர்ஷனா இருக்கும் மேடம்" என்றார். அவர் மனைவி வேறு பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் பார்க்காதது போல இருந்தேன். தாள் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, பள்ளிக் குழாயில் போர் தண்ணீரைப் பிடித்து இன்னொரு துண்டை நனைத்தேன். பச்சை நீலமாகத் திரும்பி, எட்டைத் தாண்டியது. எங்கள் லேப் அட்டெண்டர் ஏகாம்பரம் அண்ணன் ஒட்டடைக் கம்போடு பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"சார், நம்ம போர் தண்ணியே உங்க மிஷின விட ஜாஸ்தியா கீது. ரெண்டு கேன் புடிச்சிகினு போறீங்களா?"

நுரை

விளையாட்டு விழாவுக்கு ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி ஒருவர் சிறப்பு விருந்தினர். வாசலில் ஆரத்தி எடுக்கிற வேலை பிளஸ் டூ பெண்களுக்கு. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கும், இதுதான் நம் வீடுகளில் காலம் காலமாக நடக்கும் அமிலக் காரப் பரிசோதனை என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அன்றைக்குப் பார்த்து சுண்ணாம்பு இல்லை. பள்ளியில் சுண்ணாம்பு இருக்கும் ஒரே இடம் ஏகாம்பரம் அண்ணனின் வெற்றிலைப் பொட்டலம். டாக்டர் சொன்னார் என்று அவர் அந்த வாரம்தான் வெற்றிலையை விட்டிருந்தார்.

நான் மைதானத்தில் இருந்தேன். திரும்பி வந்தபோது தாம்பாளத்தில் செக்கச் செவேல் என்று ஆரத்தி தயார். சுண்ணாம்பு எங்கே கிடைத்தது என்று கேட்பதற்குள் கார் வந்துவிட்டது. பவித்ரா தட்டைச் சுற்ற ஆரம்பித்ததும்தான் கவனித்தேன். சுற்றச் சுற்ற ஓரத்தில் வெள்ளையாக எதுவோ எழும்பியது. காரம் எதுவாக இருந்தாலும் மஞ்சள் சிவக்கும் என்ற பாடத்தை அவள் மறக்கவில்லை. கேன்டீனிலிருந்து பாத்திரம் தேய்க்கும் சோப்பைச் சுரண்டிப் போட்டிருக்கிறாள். முதலில் கொஞ்சமாகத்தான் போட்டாளாம். லேசாகச் சிவந்ததாம். நல்லா செவக்கணும்ல மிஸ் என்று முழுக் கட்டியையும் கரைத்துவிட்டாள்.

பொட்டு வைக்க அவள் விரலைத் தட்டில் தொட்டபோது நான் நடுவில் புகுந்து, சாருக்கு நேரமாகிறது என்று ஏதோ உளறினேன். பெரியவர் நல்ல மனிதர். தட்டையும், அதில் குமிழ் குமிழாக வெடிக்கும் நுரையையும், என் முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு பவித்ராவிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, என் மேல அவ்ளோ அழுக்கா இருக்கு?"

சாமி

அமிலத்தை அளந்து எடுக்க பிப்பெட் என்று ஒரு கண்ணாடிக் குழல். அதை வாயால் உறிஞ்சி, கோடு வரை ஏற்றி, சட்டென்று விரலால் அடைத்துக் குடுவையில் விட வேண்டும். தமிழ்நாட்டில் அறிவியல் படித்தவர்களில் பாதிப் பேருக்கு இதன் ருசி தெரியும். நான் வேலை பார்த்த இடத்தில் வாயால் உறிஞ்சினால் வேலையே போய்விடும். இங்கே முதல் நாள் மொத்த வகுப்பும் வரிசையாக நின்று உறிஞ்சியதைப் பார்த்து எனக்கு இளநீர்க் கடைக்கு வந்துவிட்டோமோ என்று இருந்தது. ரப்பர் பல்பு வாங்கித் தாருங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவர்களும் பார்க்கலாம் மேடம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

கார்த்திகை மாதம் தினேஷ் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டான். மாலை போடும் வரை ஏகாம்பரம் அண்ணனுக்கு அவன் "டேய் தடியா". போட்ட மறுநாளிலிருந்து "சாமி". சாமி தள்ளி நில்லுங்க சாமி, சாமி அந்த டெஸ்ட் டியூப உடச்சிடாதீங்க சாமி. இப்படி ஒரு நாள் மரியாதையோடு பரிசோதனை நடந்துகொண்டிருந்தபோது, தினேஷ் பிப்பெட்டில் பார்வையை வைக்காமல் பக்கத்து மேசையில் பார்வையை வைத்து உறிஞ்சினான். கோட்டைத் தாண்டி, குழலைத் தாண்டி, நேராக வாய்க்குள் போய்விட்டது. நன்றாக நீர்த்த அமிலம்தான். இருந்தாலும் தண்ணீர், தண்ணீர் என்று கத்தினேன். "துப்புங்க சாமி, துப்புங்க! வாயக் கொப்புளிங்க சாமி!" என்று அண்ணன் அவனைக் குழாயடிக்கு இழுத்துப் போனார்.

பத்துப் பதினைந்து தடவை கொப்புளித்து, கண்ணெல்லாம் சிவந்து, ஈரச் சட்டையோடு என் முன்னால் வந்து நின்றான். நாக்கு எரிகிறதா, தொண்டை எரிகிறதா, டாக்டரிடம் போகலாமா என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவன் முகத்தில் இருந்தது வேறு கவலை. (அடுத்த வாரமே ரப்பர் பல்புகள் வந்துவிட்டன. சாமி குத்தம் என்றால் நிர்வாகம் சட்டென்று அசையும்.)

"ஆசிட் சைவம்தானே மிஸ்?"

தீர்த்தம்

எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று மேலே பார்த்தீர்கள். அதில் கரைசல் தயாரித்தால் அளவு எங்கேயோ போய் நிற்கும். காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும். எங்கள் பள்ளியில் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், உங்களில் சிலர் பள்ளியிலும் இருக்கும். பள்ளித் தாளாளரான கரஸ்பாண்டென்ட் அறை ஏசியின் பின்பக்கக் குழாய்க்குக் கீழே ஒரு பக்கெட். காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து சொட்டுகிற தண்ணீர், உப்பில்லாதது. பள்ளிப் பரிசோதனைக்குத் தாராளமாகப் போதும். ஏகாம்பரம் அண்ணன் அதைத் தீர்த்தம் என்பார். காலையில் பயபக்தியோடு எடுத்து வந்து கேனில் ஊற்றி, மூடி போட்டு, பூட்டுவார்.

மார்கழி வந்ததும் தீர்த்தம் நின்றுவிட்டது. ஆவடியே ஸ்வெட்டரும் மப்ளருமாகத் திரியும்போது யார் ஏசி போடுவார்கள்? பிராக்டிகல் தேர்வுக்கு முன் மாணவர்கள் கை பழக வேண்டிய நேரம். பவித்ராவுக்கு நான் தினமும் ஒரு மணி நேரம் தனியாகப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன், அவள் தினமும் கேனில் பாதியை ரோஸ்மில்க் ஆக்கிக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் கரஸ்பாண்டென்ட் அறைக் கதவைத் தட்டி, பகலில் சில மணி நேரமாவது ஏசி போட்டுக்கொண்டு உட்கார முடியுமா என்று கேட்டேன். தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் துண்டு, எதிரில் ஆவி பறக்கும் சுக்குக் காப்பி. அவர் காப்பியை ஓரமாகத் தள்ளினார். பிறகு ரிமோட்டை எடுத்து அழுத்தினார்.

"உங்க புள்ளைங்க பாஸாகணும்னா நான் ஜன்னி கண்டு படுக்கணும், அப்படித்தானே மேடம்?"

திங்கட்கிழமை விரல்

ஏசி ஓடியது, தண்ணீர் வந்தது, பவித்ரா நிற்கவில்லை. வெளிர் பிங்க் என்றால் என்ன என்று நான் சொல்லிப் பார்க்காத உதாரணம் இல்லை. தாமரை இதழின் அடிப்பக்கம் என்றேன். தாமரையை போட்டோவில்தான் மிஸ் பார்த்திருக்கேன் என்றாள். பஞ்சு மிட்டாய் என்றேன். அவளுக்குத் தெரிந்த பஞ்சு மிட்டாய் அடர் பிங்க். வெங்காயத் தோலின் உள்பக்கம் என்றேன், வெள்ளை வெங்காயமா சிவப்பா என்று கேட்டாள். கைக்குத் தெரிந்திருந்தது. சொட்டுகளைப் பிரித்து விடுவதில் வகுப்பிலேயே அவள்தான் கெட்டி. பிங்க் எட்டிப் பார்த்த நொடியில் கண்ணுக்குத் திருப்தி வராது, இன்னும் ஒரு சொட்டு, இன்னும் ஒரு சொட்டு என்று போய்விடுவாள். எனக்கும் பொறுமை தேய ஆரம்பித்திருந்தது. ஒரு நாள், ஆவடி கடையில் பில் போடும்போதும் இப்படித்தான் இன்னும் ஒன்று இன்னும் ஒன்று என்று அடிப்பாயா என்று கேட்டுவிட்டேன். குடுவையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை. எங்கள் பள்ளியில் நெயில் பாலிஷுக்குத் தடை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், காதுகுத்து என்று பூசிக்கொண்ட பெண்கள் பிரேயர் மணிக்கு முன்னால் வரிசையாக நின்று சுரண்டுவார்கள், பி.டி. மிஸ் விரல் விரலாகப் பார்ப்பார். பவித்ரா பிரேயர் முடிந்ததும் நேராக லேபுக்கு ஓடி வந்தாள், பத்து விரலையும் என் முகத்துக்கு நேரே விரித்தாள். நகத்தில் எதுவுமில்லை. உற்றுப் பார்த்தால் ஏதோ இருந்தது. மறுபடி பார்த்தால் இல்லை.

"பி.டி. மிஸ்ஸுக்கு சந்தேகம் வருது, ஆனா திட்ட முடியல. நீங்க சொல்ற கலர் இதுதானே மிஸ்?"

வந்துச்சு, போயிடுச்சு

பிராக்டிகல் தேர்வு. வெளித்தேர்வாளர் திருமழிசைப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து வந்திருந்தார். அதட்டாத மனிதர், டீ பிரியர். நான் உள்தேர்வாளர். தேர்வு நடக்கும்போது உள்தேர்வாளர் பிள்ளைகளுக்கு எதையும் சொல்லித்தரக் கூடாது, கண்ஜாடைகூடக் கூடாது. ஒரு பக்கம் உப்புப் பரிசோதனைக்கு பர்னர் எரிந்துகொண்டிருந்ததால் மின்விசிறியெல்லாம் நிறுத்தியிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே லாரிப் புழுதி, அதையும் சாத்தியாகிவிட்டது. அறை முழுக்கப் பிள்ளைகளின் வெப்பமும் மூச்சும்.

பவித்ரா மூன்றாவது மேசை. நான் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொட்டு, சுழற்று. சொட்டு, சுழற்று. திடீரென்று குழாயை மூடினாள். அந்த வருடம் முழுவதும் அவள் அப்படி மூடி நான் பார்த்ததில்லை. இங்கிருந்து பார்த்தால் குடுவையில் நிறம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அப்படியென்றால் சரியான நிறம். "சார்!" என்று கூப்பிட்டாள். தேர்வாளர் வந்து குடுவையைப் பார்த்து, அளவில் கையெழுத்து போட வேண்டும். அவர் கடைசி மேசையில் ஒரு பையனின் உடைந்த சோதனைக் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் ஏகாம்பரம் அண்ணன் டீயை நீட்டினார். இரண்டு வாய் குடித்துவிட்டு நிதானமாக நடந்து வந்தார்.

காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு அந்தத் திரவத்தில் கரைந்தால் லேசாக அமிலம் உண்டாகும். வெளிர் பிங்க் அதைத் தாங்காது, சற்று நேரத்தில் மறைந்துவிடும். ரோஸ்மில்க்காக இருந்தால் நெடுநேரம் நிற்கும். சரியாகச் செய்தவளுக்குத்தான் இந்தச் சோதனை. அவர் வந்து சேர்ந்தபோது குடுவையில் இருந்தது நிறமே இல்லாத தண்ணீர்.

"எங்கம்மா கலரு?"

"வந்துச்சு சார்."

"எங்க?"

"போயிடுச்சு சார்."

தினேஷ் இருந்த பக்கம் சிரிப்பு. தேர்வாளரும் சிரித்தார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்: "பரவால்லம்மா, பயப்படாத. இன்னும் ஒரு சொட்டு விடு, வந்துடும்."

இந்த ஒரு வாக்கியத்தை யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவள் வருடம் பூராவும் ஏங்கியிருப்பாள். இப்போது பரீட்சை எடுக்க வந்தவரே சொல்கிறார். அவள் கை குழாய்க்குப் போனது. நான் என் இரண்டு கைகளையும் பின்னால் கட்டி, ஒன்றை ஒன்று நெரித்துக்கொண்டேன். விட்டால் நிறம் வரும், கையெழுத்து வரும், அளவு மட்டும் தப்பாகிவிடும், கயிறு அறுந்துவிடும்.

கையை எடுத்துவிட்டாள்.

"வேணாம் சார். அது எக்ஸ்ட்ரா."

"அப்ப வந்த கலர் ஏம்மா போச்சு?"

"கார்பன் டை ஆக்சைடு சார். ஃபேனும் ஓடல, ஜன்னலும் சாத்திக்கீது. இத்தனை பேர் மூச்சு விடறோம், நீங்க வேற விடறீங்க. எல்லாம் உள்ள போய் கரைஞ்சு ஆசிட் ஆயிடுச்சு." போகிற போக்கில் நான் ஒரே ஒரு முறை சொன்னது இது. அவள் அப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததாக என் நினைவு. "இன்னொரு வாட்டி செய்றேன் சார். ஆனா நீங்க இங்கயே நில்லுங்க, எங்கயும் போகாதீங்க."

அவர் நின்றார், கையில் டீ கிளாஸோடு. குடுவையைக் கழுவினாள், ரப்பர் பல்பு போட்டு அமிலத்தை அளந்தாள், நிறங்காட்டி விட்டாள், ப்யூரெட்டை மறுபடி நிரப்பினாள். வேகமாகக் கொஞ்சம், மெதுவாகக் கொஞ்சம், பிறகு சொட்டுச் சொட்டாக. அறையே வேலையை விட்டுவிட்டு அந்தக் குடுவையைப் பார்த்தது. ஏகாம்பரம் அண்ணன் டீத் தட்டோடு அப்படியே நின்றார். ஒரு சொட்டு விழுந்தது. பி.டி. மிஸ்ஸுக்கு மட்டும் சந்தேகம் வரக்கூடிய ஒரு நிறம் குடுவையில் பரவியது. குழாயை மூடினாள். ப்யூரெட்டில் அளவு முதல் தடவை வந்த அதே கோட்டில் நின்றது. தேர்வாளர் பழக்க தோஷத்தில் டீ கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"டீய அப்பறமா குடிங்க சார். இது உங்களுக்காக நிக்காது."

அவர் கிளாஸை வைத்துவிட்டுப் பார்த்து, கையெழுத்தும் போட்டார். பவித்ரா எல்லாப் பாடத்திலும் பாஸாகி இப்போது பூந்தமல்லியில் லேப் டெக்னீஷியன் படிக்கிறாள் என்பதில் வேதியியல் ஆசிரியையாக என் பங்கு என்னவென்று யாராவது கேட்டால், பேசியே ஆக வேண்டிய நேரத்தில் விதிப்படி வாயை மூடிக்கொண்டு நின்றதுதான்.